மாதம் இரண்டு நாள் லீவு போட்டால் படிப்பு கெடுமா?

பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வராமல் இருப்பதைத்தான் கல்வியாளர்கள் பலர் ‘தொடர் வருகைக் குறைவு’ என்கிறார்கள். வருடத்துக்கு 220 வேலைநாள் என்று வைத்தால் 22 நாள். கல்யாணம், காய்ச்சல், ஊர்த் திருவிழா என்று மாதம் இரண்டு நாள் போனாலே அந்தக் கணக்கு வந்துவிடும்.

ஏன் பாதிக்கிறது? பாடங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறுகின்றன, கணக்கில் இது அப்பட்டம். பின்னக் கூட்டலில் பகுதியை (கோட்டுக்குக் கீழே உள்ள எண்ணை) சமமாக்கும் பாடம் நடந்த அன்று வராத பிள்ளை, 1/2 + 1/3 = 2/5 என்று தைரியமாக எழுதும். (விடை 5/6.) அன்றைக்கு அது பெரிய விஷயமாகத் தெரியாது. பிறகு இயற்கணிதம் வரும்போதுதான் மாட்டிக்கொள்ளும், அப்போது வீட்டில் “இவனுக்குக் கணக்கு வராது” என்று முடிவே கட்டிவிடுவார்கள். புள்ளிக் கோலத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனால், நாலு சுழி தள்ளித்தானே கோடு சேராமல் நிற்கும்? அதேதான்.

நோட்டை வாங்கி எழுதிக்கொள்ளலாமே என்பார்கள். எழுதலாம், ஆனால் நோட்டில் விடை இருக்கும். வகுப்பில் பக்கத்துப் பிள்ளை கேட்ட சந்தேகம் இருக்காது.

அப்புறம், “75% வருகை இருந்தால் போதும்” என்பது பலருடைய நினைப்பு. அது சிபிஎஸ்இ பொதுத்தேர்வு எழுதுவதற்கான தகுதி மட்டும். 220 நாளில் 55 நாள் வராவிட்டாலும் பாடம் புரியும் என்று அதற்கு அர்த்தமில்லை.