க்யூஆர் கோடை எடுங்கள், சந்தா போடுங்கள்

கேள்வி: பலகாரக் கடைகளுக்குத் தமிழில் பில் போடும் மென்பொருளை எழுதி ஓப்பன் சோர்ஸாக, அதாவது மூலநிரலை யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும்படி, வெளியிட்டிருக்கிறேன். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் 60 கடைகளில் ஓடுகிறது. நன்கொடைக்கு வைத்த க்யூஆர் கோடில் ஒரு வருடத்தில் வந்தது 1,100 ரூபாய். அப்பா பெங்களூருக்கு வேலைக்குப் போகச் சொல்கிறார். மூலநிரலை மூடிவிட்டு விலைக்கு விற்கலாமா?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: மூட வேண்டாம். க்யூஆர் கோடை மட்டும் எடுத்துவிடுங்கள். லட்சக்கணக்கான இணையதளங்களைக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்கே, 2014-இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை அதில் வெளிப்படும்வரை, ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்தான் நன்கொடையாக வந்தது. உங்களுக்கு 1,100 ரூபாய் வந்ததே பெரிசு!

2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறினவே, அன்று உங்கள் போன் ஓய்ந்திருக்காது. பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டிய முறுக்குக்கும் மிக்ஸருக்கும் 12 சதவீதம் 5 ஆனது. "தம்பி, பழைய வரியே விழுகுது, கடையில் ஆள் நிற்குது" என்று எத்தனை ஆச்சிமார் கூப்பிட்டார்களோ! அவர்களுக்கு நிரல் இலவசமா என்பதைப் பற்றிக் கவலையில்லை. கூப்பிட்டால் ஆள் வர வேண்டும். காசு வாங்க வேண்டியது அதற்குத்தான். ஜி.பி.எல். போன்ற ஓப்பன் சோர்ஸ் உரிமங்கள் அதைத் தடுப்பதில்லை. மும்பையின் ஃப்ராப்பே நிறுவனம் இஆர்பிநெக்ஸ்ட் என்ற தன் வணிக நிர்வாக மென்பொருளின் நிரலைத் திறந்தே வைத்துக்கொண்டு, அதைத் தன் சர்வரில் ஓட்டித் தருவதற்குக் கட்டணம் வாங்குகிறது.

நம் ஊரில் புள்ளி வரி தெரியாதவர் உண்டா? நகரத்தாரில் கல்யாணமாகிப் புள்ளியானவர், அதாவது கோயில் கணக்கில் தனிக் குடும்பமானவர், எந்தச் சீமையில் இருந்தாலும் ஊர்க் கோயிலுக்குத் தன் பங்கைக் கட்டிவிடுகிறார். கடைக்கு மாதம் 200 ரூபாய் என்று அப்படி ஒரு சந்தா வையுங்கள். 60 கடை என்றால் மாதம் 12,000. சம்பளம் ஆகாது, சரி. ஆனால் நிலையாக வரும். ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) என்று சொல்லி, ரசீது கொடுத்து, வருடத்துக்கு மொத்தமாக வாங்குங்கள். கட்டாத கடையிலும் மென்பொருள் ஓடட்டும், போனை மட்டும் எடுக்காதீர்கள். கொஞ்சம் மனசைக் கல்லாக்கித்தான் ஆக வேண்டும்.

மானியமும் உண்டு. பங்குத் தரகு நிறுவனமான ஸெரோதா 2024-இல் அறிவித்த ஃப்ளாஸ் ஃபண்ட் ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் ஒதுக்குகிறது. ஆனால் அது உலகமே பயன்படுத்தும் திட்டங்களுக்கானது, பலகாரக் கடை பில்லுக்குக் கிடைப்பது கஷ்டம். தெர்மல் பிரிண்டரில் தமிழ் எழுத்து உடையாமல் வர ஏதாவது வழி செய்திருப்பீர்கள் அல்லவா? அதைத் தனி நிரல் லைப்ரரியாகப் பிரித்து வெளியிட்டால் மற்ற பில் மென்பொருள்காரர்களும் எடுத்துக்கொள்வார்கள். அதைக் காட்டி இந்திய ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்கு உதவும் ஃபாஸ் யுனைடெட் அமைப்பிடம் மானியம் கேட்டுப் பாருங்கள். அன்றாடப் பராமரிப்புக்கு மட்டும் மானியத்தை நம்பாதீர்கள்.

அப்பாவிடம் மார்ச் கடைசிவரை அவகாசம் கேளுங்கள். அதற்குள் பாதிக் கடைகூடச் சந்தா கட்டவில்லை என்றால் பெங்களூருக்குக் கிளம்புங்கள். கட்டியவர்களுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை போனை எடுங்கள்.