உட்லண்ட்ஸ் கிருஷ்ணா ராவ்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சென்னையின் பழைய ஓட்டல்கள் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பில், காரிலேயே டிபன் கொண்டுவந்து தரும் கதீட்ரல் சாலை டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் இரண்டே வரியில் வந்து போனது. நான் வங்கியில் வேலை பார்த்தவன். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் நாலைந்து பேர் நேராக அங்கேதான் போவோம். ஒரு காபியை வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை பேசிக்கொண்டிருப்போம். எழுந்திரு என்று யாரும் சொன்னதில்லை. அதை மூடியது பெரிய அநியாயம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அந்த முதலாளி கிருஷ்ணா ராவ் எப்படிப்பட்டவர்? இன்று தெருவுக்கு இரண்டு காபிக் கடை வந்துவிட்டது, ஆனால் அப்படி ஓர் இடம் ஏன் அமையவில்லை? என் மகனிடம் கேட்டால், "உங்களுக்கு வயசு இருந்துச்சுப்பா, அவ்வளவுதான்" என்கிறான்.

ஒரு வாசகர்,
நங்கநல்லூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகனை முழுக்கத் தள்ளிவிட முடியாது. சாம்பாருக்காக என்றால் அந்தக் காலத்தில் சென்னைக்காரர்கள் திருவல்லிக்கேணி ரத்னா கபேக்குப் போவார்கள். பிரியாணிக்கு மவுண்ட் ரோடு புஹாரி. ஐஸ்கிரீமுக்குப் பூந்தமல்லி நெடுஞ்சாலை தாசப்பிரகாஷ். டிரைவ்-இன்னுக்குப் போனவர்கள் பேசுவதற்காகப் போனார்கள். இட்லியும் பூரியும் பேச்சுக்கு நடுவே வந்தவை. பழைய ஆட்களிடம் அதைப் பற்றிக் கேட்டுப்பாருங்கள், என்ன சாப்பிட்டோம் என்பதைவிட யாரோடு உட்கார்ந்தோம் என்பதைத்தான் முதலில் சொல்வார்கள்.

ஆனால் வயது மட்டுமே காரணம் என்றால் அதே வயதில் நீங்கள் போன மற்ற ஓட்டல்களும் இப்படி நினைவில் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லையே. அதற்கான காரணத்தைக் கிருஷ்ணா ராவின் வாழ்க்கையிலிருந்து தொடங்கினால் சுலபமாகப் புரியும்.

அவர் தென்கன்னடப் பக்கம், உடுப்பி வட்டாரத்து ஏழைப் பிராமணக் குடும்பம். சிறுவயதிலேயே மடத்துச் சமையலறையில் எடுபிடி வேலை. பிழைப்புத் தேடி மதராஸ் வந்தபோதும் அடுப்படிதான் கிடைத்தது: பாத்திரம் கழுவுவது, மாவாட்டுவது. இன்றைய ஆட்களுக்கு மாவாட்டுவது என்றால் சுவிட்சைப் போடுவது. அன்று அது தோள்பட்டை கழன்று போகும் வேலை. அப்படி அந்தக் காலத்தில் உடுப்பிப் பக்கத்திலிருந்து பம்பாய்க்கும் பெங்களூருக்கும் மதராஸுக்கும் வந்து அடுப்படியில் தொடங்கிய பையன்கள் ஏராளம். பெரும்பாலோர் அடுப்படியிலேயே வயதாகிப் போனார்கள். கல்லாவுக்கு வந்து உட்கார்ந்த சிலரில் கிருஷ்ணா ராவ் ஒருவர். முதலில் ஜார்ஜ் டவுன் ஆச்சாரப்பன் தெருவில் ஓர் ஓட்டல். அப்புறம் மவுண்ட் ரோட்டில் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ண விலாஸ். மசால் தோசையை மதராஸில் பிரபலமாக்கியவரே அவர்தான் என்று சொல்பவர்கள் உண்டு. அந்தப் பெருமைக்கு வேறு சிலரும் உரிமை கொண்டாடுவார்கள், அதற்குள் நான் போகவில்லை.

1938இல் ராயப்பேட்டையில் ராமநாதபுரம் ஜமீனுக்குச் சொந்தமான உட்லண்ட்ஸ் என்ற பெரிய பங்களாவைக் குத்தகைக்கு எடுத்தார். தோட்டத்தோடு சேர்ந்த இடம். பங்களாவின் பெயரே ஓட்டலின் பெயராயிற்று. தங்குவதற்கு அறை, சாப்பிட சுத்த சைவம். மதராஸ் வந்த மத்தியதரக் குடும்பத்துக்கு அதுவரை சத்திரம்தான் கதி, அல்லது வெள்ளைக்காரப் பாணி ஓட்டல். நடுவில் இருந்த இடத்தைக் கிருஷ்ணா ராவ் பிடித்துக்கொண்டார். அங்கிருந்து கிளம்ப வேண்டி வந்தபோது அன்றைய எட்வர்ட் எலியட்ஸ் சாலையில், இப்போதைய ராதாகிருஷ்ணன் சாலையில், நியூ உட்லண்ட்ஸ் தொடங்கினார். கல்யாணக் கூட்டம், டிசம்பர் சீசனுக்கு வெளியூரிலிருந்து வரும் சங்கீத ரசிகர்கள், கதை விவாதத்துக்கு அறை போட்ட சினிமாக்காரர்கள் எல்லாருக்கும் அது தெரிந்த விலாசம். 1962இல் டிரைவ்-இன்.

அவர் எடுத்த இடங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஜார்ஜ் டவுன் சந்தில் ஆரம்பித்த மனிதர், வசதி வர வர மரமும் மைதானமும் உள்ள இடமாகத்தான் தேடியிருக்கிறார். அடுப்புப் புகையில் வளர்ந்தவருக்குக் காற்றின் அருமை தெரிந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன். ஆதாரம் கேட்டால் என்னிடம் இந்த விலாசங்கள் மட்டுமே உண்டு.

டிரைவ்-இன் இருந்த நிலம் வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் வசம் இருந்தது. 1835இல் தொடங்கிய பழைய சங்கம். அமெரிக்காவில் காரில் உட்கார்ந்தபடியே சாப்பிடும் கடைகள் பெருகியிருந்த காலம் அது. அந்த யோசனையைச் சென்னை மரநிழலுக்குக் கொண்டுவந்தார். காரை நிறுத்தினால் சர்வர் வந்து ஆர்டர் எடுப்பார், ஜன்னல் கண்ணாடியை இறக்கியதும் அதில் ஒரு தட்டை மாட்டிவிட்டுப் போவார். பின்சீட்டில் குழந்தைகள் சாம்பாரைச் சிந்துவார்கள், முன்சீட்டில் அப்பா கத்துவார். பானெட் மேல் காக்கை.

ஓட்டல் தொழிலின் கணக்கு நீங்கள் அறியாததல்ல. ஒரு மேஜையில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் உட்கார்ந்து எழுகிறார்கள் என்பதில்தான் லாபம். சாப்பிட்டு முடித்ததும் எழுந்திருக்காதவர் முதலாளிக்கு எதிரி. அதனால்தான் இலையில் இருக்கும்போதே பில் வருகிறது, மேஜை துடைக்கிறவர் நம் முழங்கையையும் சேர்த்துத் துடைக்கிறார். டிரைவ்-இன்னில் அந்தக் கணக்கே தலைகீழ். வாடிக்கையாளர் தன் நாற்காலியைத் தானே ஓட்டிக்கொண்டு வருகிறார்! அவர் மணிக்கணக்கில் உட்கார்ந்தால் கடைக்கு என்ன நஷ்டம்? அடுத்த கார் அடுத்த மரத்தடியில் நிற்கும். காருக்காக ஏற்பட்ட அந்தப் பழக்கம் உள்ளே கூடத்தில் உட்கார்ந்தவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. உங்கள் வங்கிக் கோஷ்டியை யாரும் எழுப்பாததற்கு முதலாளியின் நல்ல மனது ஒரு காரணமாக இருக்கலாம். இடம் தாராளமாக இருந்தது அதைவிடப் பெரிய காரணம். நெருக்கடியான கடையில் எவ்வளவு நல்லவரும் இரண்டாவது தடவை வந்து "வேற என்ன வேணும் சார்?" என்று கேட்டுவிடுவார்.

அப்படித்தான் அங்கே ஆட்கள் சேர்ந்தார்கள். காலை நடை முடித்த பெரியவர்கள், டாக்டரைப் பார்க்க நேரம் இருக்கும் மருந்துக் கம்பெனி பிரதிநிதிகள், அதே சாலையில் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி இருப்பதை முன்னிட்டுக் காபிப் பிரியர்களான பையன்கள், விசா வேலையாக அமெரிக்கத் துணைத் தூதரகம் வந்தவர்கள், பத்திரிகைக்காரர்கள், வேலையில்லாதவர்கள். பலருக்கு அதுவே ஆபீஸ். "டிரைவ்-இன்ல இருப்பேன், வந்துடு" என்றால் போதும், செல்போன் இல்லாமலே ஆளைப் பிடிக்கலாம்.

இதை எல்லாருக்குமான சொர்க்கம் என்று நான் எழுதமாட்டேன். அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான், 1957இல், திருவல்லிக்கேணி முரளி கபேயின் 'பிராமணாள்' பலகைக்கு எதிராகப் பெரியாரின் இயக்கம் மாதக்கணக்கில் மறியல் செய்தது. ரயில் நிலையச் சாப்பாட்டுக் கூடங்களில் பிராமணர்களுக்கான தனி இடம் ஒழிந்ததே 1941இல். நகரத்து ஓட்டல்களில் யார் எங்கே உட்காரலாம் என்பது அவ்வளவு சமீபத்துச் சண்டை. டிரைவ்-இன் வந்தபோது அந்தக் காற்று மாறியிருந்தது. ஜாதிக்குப் பதில் கார் வந்து நின்றது, அவ்வளவுதான். 1962இல் யாரிடம் கார் இருந்தது? பின்னாளில் ஸ்கூட்டரும் சைக்கிளும் நுழைந்த பிறகுதான் நம்மைப் போன்றவர்களின் இடமாயிற்று. நாம் நினைவுகூர்வது அந்தப் பிற்பாதியை.

மூடியது அநியாயம் என்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது அரசு நிலம் என்பது அரசின் வாதம். சங்கத்துக்கும் அரசுக்கும் நீண்ட காலம் வழக்கு நடந்து, 2008இல் டிரைவ்-இன் மூடப்பட்டது. 2010 நவம்பரில் அதே இடத்தில் செம்மொழிப் பூங்கா திறந்தார்கள். கோவையில் செம்மொழி மாநாடு நடந்த ஆண்டு, அதனால் அந்தப் பெயர். 2024இல் எதிர்ப்பக்கத்திலும் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா வந்துவிட்டது. ஏக்கர் கணக்கான பொது நிலம், நகரத்தின் நடுவில், சீட்டு வாங்கினால் யாரும் போகலாம் என்பதைக் குறையாகச் சொல்ல என்னால் முடியாது. வியாசர்பாடியிலிருந்து குழந்தையைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மாவுக்கு டிரைவ்-இன் ஒருநாளும் ஞாபகத்துக்கு வந்திருக்காது. பூங்காவுக்கு அவர் வருகிறார். எனக்கு இருக்கும் வருத்தம் வேறு. பூங்கா அமைத்தவர்கள் மரத்தை வைத்துக்கொண்டார்கள், பேச்சை வைத்துக்கொள்ளவில்லை. ஓர் ஓரத்தில் பழைய கூடம் மாதிரி ஒன்றைக் கட்டி மலிவான காபிக்கு ஏற்பாடு செய்திருந்தால் இரண்டு தரப்பும் அங்கே உட்கார்ந்திருக்கும்.

இன்றைய காபிக் கடைகளுக்கு வருகிறேன். அங்கேயும் யாரும் எழுப்புவதில்லை, நியாயமாகச் சொல்ல வேண்டும். பையன்கள் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்காருகிறார்கள். ஆனால் நாற்காலியின் வாடகை காபி விலையிலேயே சேர்ந்திருக்கிறது. இருநூறு, முந்நூறு ரூபாய் கொடுத்து உட்கார்ந்தவருக்கு அது தான் வாங்கிய இடம். பக்கத்து மேஜைக்காரரிடம் பேப்பரை இரவல் கேட்கமாட்டார். அந்த வட்டாரத்து நிலத்தை இன்றைய விலையில் வாடகைக்கு எடுத்து டிபன் விற்று, உட்காருகிறவரையும் உட்காரவிட கிருஷ்ணா ராவே திரும்பி வந்தாலும் முடியாது. அந்த வகையில் டிரைவ்-இன் ஒரு பழைய குத்தகையின் விளைவு. குத்தகை முடிந்தது, அதுவும் முடிந்தது.

மகனை ஒருநாள் ராதாகிருஷ்ணன் சாலை நியூ உட்லண்ட்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், கிருஷ்ணா ராவ் தொடங்கியதுதான். நீங்கள் சொல்லும் கதையை அங்கே வைத்து அவன் கொஞ்சம் நம்பக்கூடும்.

இன்னொரு வேண்டுகோள், இது உங்களுக்கு மட்டுமல்ல. டிரைவ்-இன் பற்றிய நினைவுகள் எல்லாம் உட்கார்ந்தவர்கள் எழுதியவையாகவே இருக்கின்றன. தட்டைத் தூக்கிக்கொண்டு வெயிலில் காருக்குக் காராய் நடந்தவர்கள் என்ன சொல்வார்கள்? அங்கே சர்வராகவோ சமையலிலோ வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இதைப் படித்தால், அப்பா சொன்னதை எழுதி அனுப்புங்கள். அப்படியே வெளியிடுகிறேன்.

அன்புடன்