பாலத்தடி மணலை நம்பலாமா?

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி எங்கள் ஊர்ப் பாலத்தை முட்டிக்கொண்டு ஓடியது. வடிந்த பின் தூண்களைச் சுற்றி மணல் பழையபடியே கிடந்தது. பயமில்லைதானே?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: அந்த மணலை நம்பாதீர்கள் அம்மா. தூணில் மோதும் நீர் கீழே சுழன்று அடிமண்ணைப் பறித்துவிடும். வெள்ளம் தணியும்போது அதே பள்ளத்தில் புதுமணல் நிறையும். மேலே சமதளம், உள்ளே பிடிப்பில்லாத பொலபொல மண். நான் பாலம் பார்க்கப் போனால் முதலில் தூணருகே மணலில் கம்பியை இறக்கித்தான் பார்ப்பேன். அப்புறம் வரைபடத்தில் அஸ்திவார ஆழம். தூணருகே அரிப்பின் ஆழம், ஆற்றின் சராசரி அரிப்பு ஆழத்தைப்போல் 2 மடங்கு என்று வைத்தே கணக்கிடுவோம். அதற்கும் கீழே அஸ்திவாரம் இறங்கியிருக்க வேண்டும். மணல் அள்ளிப் படுகையே தாழ்ந்திருந்தால் அந்தக் கணக்கு செல்லாது. என் பெரிய கவலை அதுதான். பாலத்தின் கைப்பிடிச் சுவர் நேர்க்கோட்டிலிருந்து விலகியிருந்தால் கீழே தூண் அசைந்திருக்கலாம்; அன்றைக்கே நெடுஞ்சாலைத் துறைக்குச் சொல்லுங்கள்.