கிணற்றடி நிழலில் ஹோஸ்டா வருமா?

கேள்வி: அமெரிக்காவில் மகள் வீட்டுத் தோட்டத்தில் ஹோஸ்டா என்ற அழகு இலைச்செடி பார்த்தேன். நீலம், பொன்மஞ்சள், வெள்ளைக்கரை என்று எத்தனை ரகம்! எங்கள் கொல்லையில், கிணற்றடி மாமர நிழலில் வைக்கலாமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: வேண்டாம் அம்மா. நிழல் அதற்குப் பிடிக்கும். நம் மார்கழிக் குளிர்தான் போதாது. ஜப்பான், கொரியா, சீனா பக்கத்துச் செடி அது. இலையெல்லாம் பட்டுப்போய், வேர்க்கட்டை சில வாரங்களாவது 5 டிகிரியை ஒட்டிய குளிரில் உறங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் வருஷத்துக்கு வருஷம் சிறுத்துக்கொண்டே போய்ச் செத்துவிடும். அந்தப் பாவம் நமக்கெதற்கு?

மகளிடம் ஒன்று சொல்லுங்கள். ‘ஹால்சியான்’ மாதிரி ரகங்களின் நீலம், இலைமேல் படிந்த மெழுகுதான். விரலால் தேய்த்தால் பச்சை தெரியும். இலையைத் தொட்டுத் துடைக்காமல், வெயில் படாமல் வைத்தால் நீலம் நிற்கும்.

உங்கள் கிணற்றடிக்கு நான் மனசாரச் சொல்வது கச்சோலம். அகன்ற இலைகள் மண்ணோடு மண்ணாகப் படுத்திருக்கும். நடுவில் ஊதாப் பொட்டு வைத்த வெள்ளைப்பூ காலையில் மலரும். அழகென்றால் அப்படி ஓர் அழகு! வண்ண இலைதான் வேண்டுமென்றால் கலேடியம். நம் களிமண்ணில் நேரே நட்டால் ஐப்பசி அடைமழையில் கிழங்கு அழுகிவிடும். மணலும் மக்கிய சாணமும் கலந்து தொட்டியில் வையுங்கள். இலை காய்ந்துபோனால் செத்துவிட்டதென்று தூக்கிப் போடாதீர்கள். தண்ணீரை நிறுத்துங்கள், கோடைமழைக்குத் துளிர்க்கும். பேரப்பிள்ளைகள் மட்டும் கலேடியம் இலையைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாயும் தொண்டையும் எரியும்.