சீனப் பொருளாதாரம் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத அந்நாட்டு அரசின் புள்ளிவிவரங்களை நம்பலாமா? எங்கிருந்து தொடங்குவது?

சீன மாகாணங்களுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வு பற்றிக் கட்டுரை எழுதி மாநாட்டில் வாசிக்க வேண்டும், ஆனால் ‘அங்கே எல்லா எண்ணும் பொய்தானே’ என்று நண்பர்கள் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பொய்க் கணக்கு எழுதியது உண்மை. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். ஆனால் சீனா பற்றிய கட்டுரைகள் அதிகம் சறுக்குவது அங்கே அல்ல. ஓர் எண் யாரைச் சேர்த்தது, யாரை விட்டது, எந்த ஆண்டில் வரையறை மாறியது என்று பார்க்காமல் எக்செல்லில் ஒட்டிவிடுவதுதான் பெரிய பிரச்சினை.

உங்கள் தலைப்பில் சிக்கிக்கொள்ளக்கூடிய முதல் பொறி மக்கள்தொகை. சீனாவில் ஒவ்வொருவருக்கும் ஹுகோ என்ற குடும்பப் பதிவு உண்டு. 1958 முதல் சட்டப்படி நடைமுறையில் இருக்கிறது. ஹெனானில் பதிவு இருக்கும் ஒருவர் குவாங்டாங்கில் 15 ஆண்டுகள் வேலை பார்த்தாலும் பதிவு ஹெனானிலேயே கிடக்கலாம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பதிவு இடத்தை விட்டு வேறிடத்தில் வாழ்ந்தவர்கள், ஒரே நகருக்குள் இடம் மாறியவர்களையும் சேர்த்து, 49 கோடிக்கு மேல். அதனால் ஒவ்வொரு மாகாணத்துக்கும் இரண்டு மக்கள்தொகை. 2020இல் குவாங்டாங்கில் உண்மையில் வசித்தவர்கள் 12.6 கோடி, ஹுகோ உள்ளவர்கள் 10 கோடிக்கும் குறைவு. ஹெனானில் தலைகீழ்: வசித்தவர்கள் 9.94 கோடி, ஹுகோ 11 கோடிக்கு மேல். ஜிடிபியை ஹுகோ எண்ணால் வகுத்தால் பணக்கார மாகாணம் இன்னும் பணக்காரனாகவும் ஏழை மாகாணம் இன்னும் ஏழையாகவும் தெரியும். ஏற்றத்தாழ்வு இருப்பதைவிட ஊதிப்போகும்.

இதில் இன்னொரு சிக்கல். 2000களின் நடுப்பகுதி வரை பல மாகாணங்கள் தனிநபர் ஜிடிபியை ஹுகோ எண்ணை வைத்தே வெளியிட்டன, பிறகு வசிப்போர் எண்ணுக்கு மாறின. பழைய வெளியீடுகளை அப்படியே கோத்தால் அந்த ஆண்டுகளில் ஏற்றத்தாழ்வு திடீரென்று குறைந்ததாகக் கோடு இறங்கும். அது கொள்கையின் விளைவு என்று எழுதிவிடாதீர்கள். இரண்டு கணக்கெடுப்புகளுக்கு இடைப்பட்ட ஆண்டுகளிலும் கவனம் தேவை. 2019க்கு குவாங்டாங்கின் மக்கள்தொகை என்று முதலில் அச்சானது 11.52 கோடி, அடுத்த ஆண்டு கணக்கெடுப்பில் 12.6 கோடி. ஒரே ஆண்டில் ஒரு கோடிப் பேர் குடியேறவில்லை, முந்தைய மதிப்பீடு குறைவாக இருந்தது. 2011 முதல் 2019 வரையான எண்களைப் பின்னர் திருத்தினார்கள். ஆகவே ஒவ்வொரு ஆண்டுக்கும் அந்தந்தப் புத்தகத்தைப் புரட்டாமல், இருப்பதில் புதிய புத்தகத்திலிருந்து முழுத் தொடரையும் எடுங்கள்.

புத்தகம் என்றது தேசியப் புள்ளியியல் பணியகத்தின் ஆண்டுப் புத்தகத்தை. சீனம், ஆங்கிலம் இரண்டிலும் தலைப்புகள் இருக்கும், பணியகத்தின் தளத்தில் இலவசம். 2021 புத்தகத்தில் இருப்பது 2020இன் தரவு. இதை மறந்து ஓராண்டு தள்ளிப்போன அட்டவணைகள் ஏராளம். அலகையும் பாருங்கள். ஒரு ‘வான்’ 10 ஆயிரம், ஒரு ‘யி’ 10 கோடி. யியைக் கோடி என்று எடுத்துக்கொண்டால் கணக்கு பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடும். அட்டவணைக்கு அடியில் இருக்கும் சிறிய எழுத்துக் குறிப்புகளைக் கட்டாயம் படியுங்கள், வரையறை மாற்றம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அந்தக் குறிப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு நிலையான சொத்து முதலீட்டை, அதாவது கட்டடம், இயந்திரம், சாலை போன்றவற்றில் போடும் முதலீட்டைப் பாருங்கள். 2022க்கு வெளியான தொகை 57.2 லட்சம் கோடி யுவான், 2023க்கு 50.3 லட்சம் கோடி. கூட்டிக் கழித்தால் 12 விழுக்காடு வீழ்ச்சி. பணியகமோ 3 விழுக்காடு வளர்ச்சி என்று அறிவித்தது. முந்தைய ஆண்டின் தொகையைத் திருத்தி, ஒப்பிடத்தக்க அடிப்படையில் வளர்ச்சியைக் கணக்கிட்டோம் என்பது அவர்கள் விளக்கம். திருத்திய தொகை முழுவதும் வெளிவருவதில்லை என்பது நியாயமான குறைதான். ஆய்வாளர் செய்யக்கூடியது: தொகையா, வளர்ச்சி விகிதமா, எதை எடுத்தோம் என்று சொல்லி, இரண்டிலும் முடிவு நிற்கிறதா என்று காட்டுவது.

இளைஞர் வேலையின்மையும் இப்படித்தான். 2023 ஜூனில் 21.3 விழுக்காடு. பிறகு வெளியீட்டை நிறுத்தினார்கள். 2024 ஜனவரியில் மீண்டும் தொடங்கியபோது டிசம்பர் எண் 14.9. ஆனால் புதிய கணக்கில் படித்துக்கொண்டிருக்கும் மாணவர்கள் இல்லை. இரண்டையும் ஒரே கோட்டில் இணைக்கக் கூடாது. வருமானத் தொடரில் 2013 இப்படியொரு முறிவு: அதுவரை கிராமத்துக்கு ‘நிகர வருமானம்’, நகரத்துக்கு ‘செலவிடத்தக்க வருமானம்’ என்று தனித்தனிக் கணக்கெடுப்பு, அதன் பின் ஒரே கணக்கெடுப்பு.

இனி பொய்க் கணக்கு. 2011 முதல் 2014 வரை நிதிக் கணக்கில் மோசடி நடந்ததை லியாவ்னிங் மாகாண அரசே 2017 ஜனவரியில் ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டு உள் மங்கோலியா 2016இன் தொழில் உற்பத்தியைப் பெரிதாக்கிக் காட்டியதை ஒப்புக்கொண்டது. உள்ளூர் அதிகாரியின் பதவி உயர்வு வளர்ச்சி எண்ணோடு கட்டப்பட்டிருந்ததால், நிர்வாகத்தின் கீழ்மட்டத்துக்குப் போகப் போக ஊதல் கூடும். மாகாண ஜிடிபிகளின் கூட்டுத்தொகை பல ஆண்டுகள் நாட்டு ஜிடிபியைத் தாண்டியது இதனாலும்தான். 2019 ஆண்டுக்கான கணக்கிலிருந்து மாகாண ஜிடிபியைத் தேசியப் பணியகமே ஒருங்கிணைத்துக் கணக்கிடுகிறது. மின்நுகர்வு, ரயில் சரக்கு, வங்கிக் கடன், செயற்கைக்கோள் பதிவுசெய்யும் இரவு நேர வெளிச்சம் (இரவொளி) ஆகியவற்றை வைத்துச் சரிபார்க்கலாம். இரவொளியில் 2013 வரையான பழைய தரவையும் 2012இல் தொடங்கிய புதிய தரவையும் நேரடியாக ஒட்ட முடியாது, உணரிகள் வேறு.

என் கருத்தில், உங்களால் முடிந்தால் மாகாண எண்ணோடு நிற்காமல் குடும்பத் தரவுக்குப் போங்கள். பீக்கிங் பல்கலைக்கழகத்தின் சிஎஃப்பிஎஸ் (CFPS) என்ற குடும்பக் கணக்கெடுப்பு 2010இல் தொடங்கி இரண்டாண்டுக்கொரு முறை அதே குடும்பங்களைத் தொடர்கிறது. 45 வயதுக்கு மேற்பட்டோருக்கு அதே பல்கலையின் சார்ல்ஸ் (CHARLS) என்ற கணக்கெடுப்பு, 2011 முதல். பதிவுசெய்து, பயன்பாட்டு விதிகளை ஏற்றால் இரண்டும் இலவசம். கல்லூரி மின்னஞ்சல் வைத்து விண்ணப்பிப்பது நல்லது. சிஎஃப்பிஎஸ்ஸின் முதல் சுற்றில் 25 மாகாணங்கள்தான். திபெத்தும் சின்ஜியாங்கும் அதில் இல்லை. ஷாங்காய், லியாவ்னிங், ஹெனான், கான்சு, குவாங்டாங் ஐந்திலும் வேண்டுமென்றே பெரிய மாதிரி எடுத்தார்கள். இந்த ஏற்றத்தாழ்வைச் சரிக்கட்டத் தரவோடு தரப்படும் எடைகளைப் போடாமல் சராசரி எடுத்தால் அந்த ஐந்தின் முகமே நாட்டின் முகமாகிவிடும். மாவட்டக் குறியீடு மறைக்கப்பட்டிருக்கும், ஆகவே பொதுத் தரவை மாவட்ட எண்களோடு இணைக்கத் திட்டமிடாதீர்கள். நேரில் போய்க் கேள்வித்தாள் நடத்தலாம் என்ற எண்ணம் இருந்தால், வெளிநாட்டவருக்கான கணக்கெடுப்பை உரிமம் பெற்ற சீன நிறுவனம் வழியாகத்தான் நடத்த முடியும் என்ற விதி 2004 முதல் இருக்கிறது. முதல் கட்டுரைக்கு அது வேண்டாம்.

மாநாட்டுக்கு, டெல்லியின் சீன ஆய்வு நிறுவனம் ஆண்டுதோறும் வெவ்வேறு ஊர்களில் நடத்தும் அகில இந்திய சீன ஆய்வு மாநாடு தொடக்கத்துக்குப் பொருத்தம். சென்னை ஐஐடியிலும் சீன ஆய்வு மையம் இருக்கிறது, அங்கே நடக்கும் உரைகளுக்குப் போய்க் கேளுங்கள். அமெரிக்காவில் ஆசியவியல் சங்கத்தின் மாநாடு மார்ச் வாக்கில் நடந்தாலும், முன்மொழிவை முந்தைய ஆண்டின் நடுவிலேயே கேட்பார்கள். சுருக்கத்தில் ‘சீனத் தரவைப் பயன்படுத்தி’ என்று பொதுவாக எழுதாமல் எந்தத் தரவு, எந்த ஆண்டுகள், வசிப்போரா ஹுகோவா என்பதை ஒரே வாக்கியத்தில் வையுங்கள். உரையின்போது முதல் அட்டவணைக்கு அடுத்த ஸ்லைடில், இரண்டு மக்கள்தொகையாலும் வகுத்த தனிநபர் ஜிடிபியைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள். கேள்வி நேரத்தில் பெரும்பாலும் முதலில் கேட்கப்படுவது அதுதான்.