வீடியோ கூட்டம் நடத்த உதவும் ஜிட்சி மென்பொருள் இலவசம், அப்புறம் எதற்கு மாதச் சந்தா? சொந்தச் சர்வரில் அதை நடத்தும் உங்கள் கூட்டுறவில் எழும் கேள்வி இது.

சந்தா மென்பொருளுக்கு இல்லை. சர்வர், டேட்டா, நடுராத்திரியில் அது படுத்துவிட்டால் எழுந்து பார்க்கிறவரின் நேரம், இதற்குத்தான். "ஓப்பன் சோர்ஸ்தானே" என்று முரண்டு பிடிக்கும் உங்கள் கூட்டுறவு உறுப்பினர்களிடம் இதை அப்படியே சொல்லுங்கள்.

கூட்டத்தில் ஆட்கள் இரட்டிப்பானதும் சர்வர் பில் ஏன் எகிறியது என்றால், பெரும்பாலும் காரணம் கேமராக்கள்தான். இருவர் மட்டும் பேசினால் ஜிட்சி முடிந்தவரை நேரடியாக இணைத்துவிடும். மூன்றாவது ஆள் வந்ததும் எல்லாம் சர்வரில் ஓடும் வீடியோபிரிட்ஜ் என்ற ஜிட்சியின் பகுதி வழியாகப் போகும், அது படங்களை ஒன்றாகக் கலப்பதில்லை, வந்ததை மற்ற எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டே இருக்கும். பத்துப் பேர் கேமரா திறந்தால் ஒவ்வொருவர் படமும் மற்ற ஒன்பது பேருக்கு, ஆக 90 வீடியோ ஓட்டங்கள், இருபது பேர் என்றால் 380.

சர்வரில் விஎன்ஸ்டாட் என்ற, டேட்டா போக்குவரத்தை அளக்கும் கருவியைப் போட்டு ஒரு மாதம் வெளியே போகும் டேட்டாவைப் பாருங்கள். கூடவே பராமரிப்புக்குப் போகும் மணிநேரத்தையும் ஒரு தாளில் குறியுங்கள், அதைத்தான் யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

ஒன்று மட்டும். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்கிற அப்பாச்சி உரிமம் இருப்பதால் ஜிட்சி உறுப்பினர்களின் சொத்து என்று நினைத்துவிடாதீர்கள். 2018 முதல் அது எய்ட்-பை-எய்ட் நிறுவனத்திடம் இருக்கிறது. ஜிட்சியின் பொதுச் சர்வரில் கூட்ட அறை திறக்க லாகின் வேண்டும் என்று 2023இல் முடிவு செய்ததும் அவர்கள்தான். சொந்தச் சர்வரில் அந்த முடிவு உங்களுடையது, சரி, பில்லும்தான்.