டேங்க் மூடிக்குப் பூட்டு போதுமா?

கேள்வி: ஆரல்வாய்மொழிப் பக்கம் ராத்திரி ரோட்டோரம் லாரியைப் போட்டுவிட்டு டிரைவர் தூங்கினால் டீசலை உருவிவிடுகிறார்கள். டேங்க் மூடிக்கு நல்ல பூட்டு ஒன்று சொல்லுங்களேன்.
– லாரி உரிமையாளர், மார்த்தாண்டம்

பதில்: பூட்டு இருக்கட்டும். உங்கள் டிரைவர் ஏன் ரோட்டோரம் தூங்குகிறார்? டீசல் போனால் பணத்தோடு போகும். இருட்டில் நிற்கும் லோடு வண்டியின் முதுகில், விடியுமுன் தோவாளைப் பூச்சந்தைக்குப் பறக்கிற வேன் வந்து சொருகினால்? ஆபத்தாக வண்டியை நிறுத்துவது மோட்டார் வாகனச் சட்டம் 122-ஆம் பிரிவுப்படி குற்றமும்கூட.

டீசல் போடுகிற பங்கிலேயே கேட்டு, விளக்கும் கேமராவும் இருக்கிற மூலையில் நிறுத்தச் சொல்லுங்கள். ஐம்பதோ நூறோ கேட்டால் கொடுங்கள், அது செலவல்ல. டேங்க் இருக்கும் பக்கம் சுவரை ஒட்டி நிற்கட்டும். மூடியைப் பூட்டினாலும் டேங்கின் அடியில் டிரெயின் போல்ட் இருக்கிறதே, ஒரு ஸ்பேனர் போதும். அந்த போல்ட்டுக்குக் கம்பி முறுக்கிக் கட்டுங்கள். டேங்க் வாய்க்குள் டியூப் நுழையாதபடி சல்லடை போடுங்கள். பேட்டரிப் பெட்டிக்கும் ஸ்டெப்னிக்கும் சங்கிலி வேண்டும். ஆனி, ஆடிக் காற்றில் தார்ப்பாய் படபடக்கிற சத்தத்தில் கீழே யார் என்ன கழற்றினாலும் கேபினுக்குக் கேட்காது. கயிற்றை இறுக்கிக் கட்டுவது சரக்குக்காக மட்டுமல்ல.

ஹேண்ட் பிரேக் போட்டதும் ‘புஸ்’ஸென்று காற்று இறங்க வேண்டும், ஸ்பிரிங் பிரேக் பிடித்ததற்கு அதுதான் அடையாளம். வண்டி ஏற்றம் பார்த்து நின்றால் முதல் கியர், இறக்கம் பார்த்து நின்றால் ரிவர்ஸ். பின்சக்கரத்துக்கு இரண்டு கட்டை. மண் ஓரம் வேண்டவே வேண்டாம்: இடவப்பாதி மழையிலும் ஐப்பசி மழையிலும் அது இளகிவிடும், லோடு வண்டி ஒரு பக்கமாக இறங்கிச் சாயும்.

வேறு வழியே இல்லாமல் ரோட்டோரம் நிற்க நேர்ந்தால் பார்க்கிங் விளக்கு எரியட்டும், ஐம்பது மீட்டர் பின்னால் முக்கோணப் பலகை இருக்கட்டும். பின்பக்கச் சிவப்பு ஸ்டிக்கரைத் துணியால் துடைக்க வேண்டும். சேறு அப்பினால் அது ஒளிராது. கண்ணாடி இரண்டு விரல் திறந்திருக்க வேண்டும், மூடிய கேபினுக்குள் ஸ்டவ் பற்றவைக்கக் கூடாது.

காலையில் வண்டியை எடுக்கும்போது சக்கரத்துக்கு வைத்த கல்லை ரோட்டிலேயே விட்டுப்போகிறவர்கள் நம் ஊரில் நிறைய. அடுத்து வருகிறவன் பைக்கில் வருவான். கல்லே வேண்டாம், மரக்கட்டை வாங்கி, கயிறு போட்டு வண்டியோடு கட்டிவையுங்கள்.